அந்நியர் கையில் ஒரு மரணம்

கொள்ளைநோய்களின் சரித்திரம் – 9

பம்பாய் நகரத்தின் மாண்டவி வட்டாரத்தில், துறைமுகத்தை ஒட்டி வரிசையாக நின்ற தானியக் கிடங்குகளில், 1896-ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் எலிகள் செத்து விழத் தொடங்கின. சில நாட்களுக்கெல்லாம், அக்கிடங்குகளைச் சுற்றியிருந்த நெருக்கமான வீடுகளில், கடுஞ்சுரமும் தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டிய வீக்கமுமாகப் பலர் படுத்தார்கள். படுத்தவரில் பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் மாண்டார்கள். கோவாவைச் சேர்ந்தவரும், அவ்வட்டாரத்தில் வைத்தியம் செய்துவந்தவரும், நகரசபை அங்கத்தினருமான டாக்டர் அகாசியோ காப்ரியேல் வியேகாஸ், இது பிளேக் என்று செப்டம்பரில் அறிவித்தார். சென்ற வாரம் நாம் ஹாங்காங்கில் கண்ட நோய், 1894-ல் அலெக்ஸாந்தர் யெர்ஸின் எந்தக் கிருமியைக் கண்டுபிடித்தாரோ அக்கிருமியால் விளையும் அதே நோய், கப்பலேறி இந்தியாவின் தலையாய வாணிபத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நோயால் இறந்தோருக்குச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் கணக்கு உண்டு; நோயை எண்ணி நடுங்கியோருக்குக் கணக்கு இல்லை. ஆயினும் பம்பாய் மக்களின் நடுக்கத்தை ஓரளவு அளந்து பார்க்க வழியிருக்கிறது. 1891-ஆம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி அந்நகரில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 1897 பிப்ரவரிக்குள் அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாகக் காத்துக் கிடந்த அந்த ஜனத்திரள் சுபிட்சமான இடத்தை நாடிச் செல்லவில்லை. அதே ஆண்டில் தக்காணத்தைப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்ததை அறிந்தே, பஞ்சம் நிலவிய கிராமங்களுக்கே பலர் திரும்பினார்கள். பசியால் சாவது தெரிந்த சாவு என்றும், பிளேக்கால் சாவது தெரியாத சாவு என்றும் அவர்கள் நினைத்தார்கள் போலும். நூற்பாலைகளில் ஆட்கள் அருகிவிடவே, எஞ்சிய தொழிலாளர்களைத் தெருமுனையில் ஏலம் கூறுவதுபோலப் போட்டியிட்டு, அன்றன்றைக்குக் கூலி கொடுத்து ஆலைமுதலாளிகள் அழைத்துச் செல்லும் நிலை வந்தது.

இவ்வளவையும் மரண பயம் என்ற ஒரு சொல்லால் குறிப்பிட்டுவிட்டு மேலே போய்விடலாம். அக்காலத்து அதிகாரிகள் அப்படித்தான் செய்தார்கள், அதனோடு அறியாமை என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஓடியவர்களையும் ஒளிந்தவர்களையும் எதிர்த்து நின்றவர்களையும் சற்று நெருங்கிப் பார்த்தால், அவர்கள் சாவதற்கு அஞ்சியதைக் காட்டிலும், சாகும் விதத்துக்கே அதிகமாக அஞ்சினார்கள் என்பது புலப்படும்.

1896 அக்டோபர் 6-ஆம் தேதி, நகரசபைக் கமிஷனர் ஸ்னோ ஓர் உத்தரவு பிறப்பித்தார். பிளேக் கண்டவரை, வேண்டுமானால் பலவந்தமாகவேனும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், வீட்டைச் சோதனையிட்டுச் சுத்திகரிக்கவும் அவ்வுத்தரவு அதிகாரம் தந்தது. நோய் பரவாமல் தடுப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லையென்று ஆங்கிலேய அதிகாரிக்குத் தோன்றியது. ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படும் ஒரு மராத்தி நெசவுத் தொழிலாளியின் கண்ணுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? இன்ன ஜாதியார் என்று தெரியாதவர் சமைத்த சோற்றை அவன் உண்ண வேண்டும். உயிர் பிரியும் வேளையில் வாயில் தீர்த்தம் விட மகன் அருகில் இருக்கமாட்டான். பிரேதத்தை அறுத்துப் பார்ப்பார்கள் என்ற பேச்சும் காதில் விழுந்திருக்கிறது. முஸல்மானுக்கோ, காதில் கலிமா ஓதவும், மையித்தை முறைப்படி குளிப்பாட்டவும் சொந்தக்காரர் இல்லாமல் போவார்கள். எல்லா மதத்துக் குடும்பங்களுக்கும், தம் பெண்டிரின் அக்குளையும் தொடையையும் அந்நிய ஆடவன் தடவிப் பார்ப்பான் என்ற எண்ணமே சாவினும் கொடிதாக இருந்தது.

இந்தப் பயம் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டது என்பதுதான் விபரீதம். ஆஸ்பத்திரி என்றாலே அஞ்சியவர்கள் நோயாளியைக் கடைசி மூச்சு வரையில் மறைத்து வைத்தார்கள். மறைக்க இயலாமற் போனபின் பிடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிய ஓரிரு நாளில் இறந்தார்கள். உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று ஊரார் கண்ணால் கண்டார்கள். கண்டபின் இன்னும் கவனமாக மறைத்தார்கள். அதே அக்டோபரில் விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலைமீது யாரோ தாரைப் பூசிவிட்டார்கள். அந்த அவமதிப்புக்காக ராணி நரபலி கேட்கிறாள், ஆஸ்பத்திரியில் ஆட்களைக் கொல்வது அதற்குத்தான் என்று ஒரு வதந்தி சந்துபொந்தெல்லாம் பரவியது. வதந்தியைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆளும் வர்க்கம் பாமரனின் உடலைத் தன்னுடைய சொத்தாகப் பாவிக்கிறது என்று அவன் உணர்ந்ததை, அவனுக்குக் கைவந்த கதையின் மொழியில் அவன் சொன்னான் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

அக்டோபர் 29-ஆம் தேதி, சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். உடனே உத்தரவு தளர்த்தப்பட்டது. வீட்டிலேயே தனியாக வைத்துப் பராமரிக்க வசதியுள்ளவர்களைக் கொண்டுபோக மாட்டோம் என்று கமிஷனர் அறிவித்தார். கலகக்காரர்களுக்குப் பயந்து அவர் இறங்கி வரவில்லை. நகரத்தின் மலத்தை நாள்தோறும் அள்ளி அப்புறப்படுத்திய ஹலால்கோர் என்னும் தோட்டிகளும் ஓடிவிட்டால் பம்பாயில் மனிதர் வாழ முடியாது என்பதே அவரது பெருங்கவலை. யாருடைய பயத்தையும் பொருட்படுத்தாத நிர்வாகம், தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் பயத்தை மதித்தாக வேண்டியதாயிற்று.

தளர்ந்த பிடி வெகு சீக்கிரம் மறுபடியும் இறுகியது. 1897 பிப்ரவரி 4-ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது; மார்ச் மாதம் பிரிகேடியர் ஜெனரல் கேட்டேக்கர் தலைமையில் பிளேக் கமிட்டி அமைந்தது. கமிட்டியின் ஆட்கள் வீடுவீடாகப் புகுந்து தேடினார்கள். ரயில் பிரயாணிகளை இறக்கி நிறுத்திச் சோதித்தார்கள். நோய் கண்ட வீட்டுக் கதவில் செவ்வட்டம் வரைந்து தேதி குறித்தார்கள். வெளிச்சம் புகட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். சாக்கடைகளில் கார்பாலிக் திராவகத்தை ஊற்றிக் கழுவினார்கள். அவ்வளவு கடுமையிலும் கேட்டேக்கர் ஒரு காரியத்தில் விவேகியாக இருந்தார்: அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களைக் கலந்து பேசி, அவரவர் செலவில் அவரவர் ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ள இடங்கொடுத்தார். பார்ஸிகளும் ஜைனர்களும் பாட்டியா வணிகர்களும் முஸல்மான்களும் தனித்தனியே ஆஸ்பத்திரிகள் அமைத்தார்கள். அங்கே சுயஜாதிச் சமையல் நடந்தது; பந்துக்கள் கட்டிலருகே இருந்தார்கள்; வைத்தியரோ ஹக்கீமோ வந்துபோகவும் தடையில்லை. பொது ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று கதவடைத்தவர்கள் இவற்றுக்குத் தாமாகவே வந்தார்கள். பிளேக்குக்கு மருந்து அங்கும் இல்லை. பயத்துக்கு மட்டும் அங்கே மருந்து இருந்தது.

ஜாதி பார்த்து ஆஸ்பத்திரி கட்டுவதா என்று இன்று நாம் முகம் சுளிப்போம், நியாயமே. ஆயினும் நம்பிக்கை எந்த வழியாக வந்ததென்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி கிராண்ட் மெடிக்கல் காலேஜில் இருந்தபடி பிளேக் தடுப்பூசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் தேதி தம் உடம்பிலேயே முதலில் போட்டுக்கொண்டார். ஊசியைப் பற்றியும் வதந்தி கிளம்பியது. அப்போது இருபது வயதுகூட நிரம்பாதிருந்த ஆகா கான், தம்மைப் பின்பற்றும் கோஜா ஜனங்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொள்ள, அச்சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தார்கள். மாறாக, 1898 மார்ச் 9-ஆம் தேதி மதன்புரா வட்டாரத்தில், ஜுலாஹா நெசவாளர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியைப் பரிசோதிக்க ஆண் ஒருவர் வந்தபோது வீட்டார் மறுக்க, அந்த மறுப்பு கலகமாயிற்று, கலகம் துப்பாக்கிப் பிரயோகத்தில் முடிந்தது, இருதரப்பிலும் உயிர்கள் போயின.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த விருத்தாந்தத்தின் கசப்பான பகுதி. அதே 1898-ல் கராச்சியில் பால் லூயி ஸிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று பரிசோதனையால் காட்டினார். அவரைப் பல ஆண்டுகள் எவரும் ஏற்கவில்லை. பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. நெறிகட்டும் பிளேக் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தொற்றுவது அரிது. அப்படியானால், சாகும் தகப்பன் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்ததால் நேர்ந்த அபாயத்தைக் காட்டிலும், அவர்கள் இருவரும் எலி விழுந்த அந்த வீட்டில் இருந்ததால் நேர்ந்த அபாயமே பெரிது. எலி விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு வெட்டவெளியில் குடிசை போட்டு வாழ்வது என்ற ஜனங்களின் வழக்கம், கார்பாலிக் திராவகத்தைவிடச் சாஸ்திரத்துக்குப் பொருந்தியதாகவே இருந்தது. தானிய மூட்டையோடும் துணிமூட்டையோடும் தொலைதூரம் ஓடியவர்கள் தெள்ளுப்பூச்சியையும் கூடவே கொண்டுபோனார்கள் என்பதையும் மறைக்கலாகாது. பயம் சில சமயம் வழிகாட்டியது, சில சமயம் நோய்க்கே வாகனமாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடிப்பேரைப் பிளேக் கொண்டுபோனது. நம் கோயம்புத்தூரிலும் அது பலமுறை வந்துபோயிற்று. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அவ்வூரில் கோயில்கள் இருக்கின்றன.

கலகங்களுக்குப் பிறகு சர்க்கார் பலவந்தத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. கைவிட்ட பலவந்தத்துக்கு ஆதாரமான சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது இந்தியா எடுத்துக்கொண்டது அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அவ்வாண்டு ஏப்ரலில், சென்னையில் நோயுற்று இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஊரார் கூடித் தாக்கினார்கள்; நாடெங்கும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தம் பெரியவர்களின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே அவர்களை வழியனுப்பின. அம்மாதமே அச்சட்டத்தைத் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை விதித்தார்கள். அது அவசியமே. ஆனால் சாகிறவன் அருகில் ஒரு பந்து தக்க பாதுகாப்போடு உட்கார்ந்திருக்கலாம், அவனுக்குரிய சடங்கு நடக்கலாம் என்று ஒரு வரியையும் சட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று நாமும் கேட்கவில்லை. இன்னொரு கொள்ளைநோய் வரும். வருவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவைப்பது நம் கடமை.

பம்பாய்க்கு நூறு மைல் தொலைவிலுள்ள புனாவில், அந்தப் பம்பாய் பிளேக் காலத்திலேயே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட், ஜனங்களின் பயத்தை மதிக்க வேண்டும் என்ற இந்தப் பாடத்தைக் கற்க மறுத்தார். 1897 ஜூன் 22-ஆம் தேதி இரவு அதனால் விளைந்ததை அடுத்த இதழில் பார்ப்போம்.