அரை வினாடி வழுக்கல்: 4எல்60-ஈ கியர்பாக்ஸைப் பலப்படுத்துவது பற்றி

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவரிடம் நல்ல கியர்பாக்ஸுக்கு என்ன அடையாளம் என்று கேட்டுப் பாருங்கள். "கியர் மாறுறதே தெரியக்கூடாது சார்" என்பார். கார் கம்பெனிகளும் அதை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கின்றன. ஆனால் மாறுவது தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கொஞ்ச நேரம் வழுக்கியாக வேண்டும். வழுக்கினால் சூடு, சூட்டினால் தேய்மானம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பலப்படுத்துகிறேன் என்று செய்யப்படும் வேலைகளில் பெரும்பகுதி இந்த வழுக்கலைக் குறைக்கிற வேலைதான். மீதி, அப்படிக் குறைத்ததால் வேறெங்கோ போய் விழும் அடியைத் தாங்குவதற்கான வேலை.

இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது டெக்ஸாஸில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவனால். பழைய ஷெவ்ரோலெ பிக்கப் வாங்கி, எஞ்சின் சக்தியைக் கூட்டும் திட்டத்தில் இருக்கிறான். கியர்பாக்ஸ் பாகங்களின் நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பி, "இதுல எதை மொதல்ல வாங்குறது, எதை வாங்கவே வேணாம்?" என்றான். நிரல் எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான். ஆனால் இந்தக் கியர்பாக்ஸைப் பற்றிப் படிக்க உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் 700-ஆர்4 என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 1990-இல் பெயர் 4எல்60 ஆனது. 1993 மாடலிலிருந்து கணினிக் கட்டுப்பாடு வந்து, பின்னால் ஒரு 'ஈ' சேர்ந்துகொண்டது. பிக்கப், கமாரோ, கார்வெட், ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கமடோர் என்று ஏகப்பட்ட வண்டிகளில் இருந்தது. கியர் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. கணினி வருவதற்கு முன்பு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை ஒரு கேபிள்தான் கியர்பாக்ஸுக்குச் சொல்லும். அந்தக் கேபிள் தளர்வாக மாட்டப்பட்டிருந்தால் ஆயில் அழுத்தம் போதாமல் கிளட்ச் கருகிவிடும். புதிதாகப் பிரித்துக் கட்டிய கியர்பாக்ஸ்கூட இதனால் சீக்கிரமே போயிருக்கிறது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், என் தொழில்காரர்களுக்காக. 4எல்60-ஈயில் நான்கு கியர்களையும் தேர்ந்தெடுப்பது இரண்டே சாலினாய்டுகள், அதாவது இரண்டு பிட். முதல் கியருக்கு 11, இரண்டாவதுக்கு 01, மூன்றாவதுக்கு 00, நான்காவதுக்கு 10. அடுத்தடுத்த கியருக்குப் போகும்போது ஒரு பிட் மட்டும் மாறுகிறது. அச்சு அசல் கிரே கோட்! ஃபியூஸ் போய் இரண்டிலும் மின்சாரம் இல்லையென்றால் 00, அதாவது மூன்றாவது கியர். மெதுவாகவாவது வீடு போய்ச் சேரலாம். ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டும் இப்படித்தான். மின்சாரம் இல்லாவிட்டால் அழுத்தம் குறையாது, உச்சத்துக்குப் போகும். கிளட்சைக் காப்பாற்றும் பக்கமாகவே பழுதாகிற மாதிரி யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, கிளட்சுக்கு வருவோம். ஒரு கிளட்ச் கட்டு தாங்கும் டார்க்கை நான்கு விஷயங்களைப் பெருக்கிச் சொல்லிவிடலாம்: உராய்வுக் குணகம், உராயும் முகங்களின் எண்ணிக்கை, பிஸ்டன் அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம். பெட்டிக்குள் இடம் அளவானது என்பதால் ஆரத்தில் கைவைக்க முடியாது. மற்ற மூன்றில் விளையாடலாம். உயர்ரக உராய்வுப் பொருள், கூடுதல் தட்டுகள், கூடுதல் ஆயில் அழுத்தம். கடைகளில் விற்கும் கிட்டுகள் எல்லாம் இந்த மூன்றின் கலவைதான்.

4எல்60-ஈயில் முதலில் கருகுவது பெரும்பாலும் 3-4 கிளட்ச். பெயரிலேயே காரணம் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது இரண்டு கியரிலும் சுமை இதன் தலையில்தான்; நெடுஞ்சாலையில் இதற்கு ஓய்வே கிடையாது. இதில் 6 உராய்வுத் தட்டுகள் என்று வைத்துக்கொண்டால் 12 முகங்கள். ஏழாவது தட்டைச் சேர்த்தால் 14. தாங்கும் டார்க் ஏறக்குறைய 17 சதவீதம் கூடிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழாவது தட்டுக்கு இடம் எங்கிருந்து வரும்? இடையில் இருக்கும் ஸ்டீல் தட்டுகளை மெலிதாக்கித்தான். சூட்டை வாங்கிக்கொள்வதே அந்த ஸ்டீல்தான் என்பதை இந்தக் கிட் வாங்குகிறவர்கள் பலர் கவனிப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என்னுடைய அனுமானம், உதாரணத்துக்கு மட்டும். கிளட்சில் 400 நியூட்டன் மீட்டர் டார்க். தொடக்கத்தில் வழுக்கல் 2,000 ஆர்பிஎம், அது அரை வினாடியில் சீராகக் குறைந்து பூஜ்யமாகிறது. சூடாக மாறும் ஆற்றல் ஏறக்குறைய 21 கிலோஜூல். ஸ்டீல் தட்டுகளின் மொத்த எடை 1 கிலோ என்றால், ஒரே ஒரு கியர் மாற்றத்தில் அவற்றின் வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸ் ஏறும். மெலிதாக்கி 700 கிராம் ஆக்கிவிட்டால் 61 டிகிரி. தட்டு கூடியது, பிடி கூடியது, ஆனால் டிரெய்லர் இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மாறி மாறி ஏறுகிறவனுக்கு நிலைமை மோசமாகியிருக்கிறது. கால் மைல் ரேஸ் ஓடுகிறவனுக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரே கிட், இரண்டு பேருக்கு இரண்டு விதமான பலன். அதனால்தான் 'இத்தனை குதிரைத்திறன் தாங்கும்' என்று கிட் அட்டையில் போடும் எண்ணை நான் மதிப்பதில்லை. வண்டி எத்தனை கனம், என்ன டயர், எத்தனை நேரம் இழுக்கிறது என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அந்த 21 கிலோஜூலைக் குறைக்க நேரடியான வழி, நேரத்தைக் குறைப்பது. 'ஷிஃப்ட் கிட்' என்று விற்கப்படுவது இதைத்தான் செய்கிறது. வால்வ் பாடிக்கும் கேஸுக்கும் இடையே ஓட்டைகள் போட்ட ஒரு தகடு இருக்கிறது. அந்த ஓட்டைகளைப் பெரிதாக்கினால் ஆயில் சீக்கிரம் போய்ச் சேரும். அக்குமுலேட்டர் என்ற, ஸ்பிரிங் வைத்த சின்னப் பிஸ்டன்கள் அழுத்தம் ஏறுவதை மெதுவாக்கி மென்மை தருகின்றன. ஸ்பிரிங்கை மாற்றினால் கிளட்ச் சீக்கிரம் பிடிக்கும். அரை வினாடி கால் வினாடியாகும்போது எஞ்சின் தொடர்ந்து தள்ளுவதால் வரும் சூடு பாதியாகிறது. எஞ்சின் தன் சுழற்சியில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் மட்டும் எப்படி மாற்றினாலும் கிளட்சில்தான் இறங்கியாக வேண்டும். அதில் தள்ளுபடி இல்லை.

இங்கேதான் அடி இடம் மாறுகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது எஞ்சின் 5,500-லிருந்து 2,930 ஆர்பிஎம்முக்கு விழ வேண்டும், 3.06-க்கும் 1.63-க்கும் அவ்வளவு பெரிய இடைவெளி. அதைப் பாதி நேரத்தில் செய்தால், வேகத்தை இறக்கத் தேவைப்படும் டார்க் இரண்டு மடங்கு. இந்த மாற்றத்தைச் செய்வது ஒரு பேண்ட். சுழலும் டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடித்து நிறுத்தும். அந்த டிரம்மையும் சன் கியரையும் இணைப்பது 'சன் ஷெல்' என்ற, தகட்டில் செய்த மணி போன்ற பாகம். அடி முழுக்க அதன் மேல் விழும். ஷெல் விரிசல் விட்டாலோ அதன் பற்கள் மழுங்கினாலோ இரண்டாவது, நான்காவது, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நாளில் காணாமல் போகும். ஒன்றும் மூன்றும் மட்டும் வேலை செய்யும். இந்த அறிகுறியை வைத்தே, பிரிக்காமல் என்ன உடைந்தது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். பேண்டை இறுக்கும் சர்வோவைக் கார்வெட்டில் வந்த பெரிய சர்வோவாக மாற்றுவது மலிவான, பிரபலமான வேலை. நல்ல வேலையும்கூட. ஆனால் அதைச் செய்கிறவர் கடினப்படுத்திய ஷெல்லையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும், தனித்தனியாக யோசிக்கக்கூடாது.

நேரத்தைத் தொடாமல் டார்க்கைக் குறைக்கவும் வழி உண்டு, அது தொழிற்சாலையிலேயே போட்டுத் தருவது. கியர் மாறும் நொடியில் கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் கொஞ்சம் அடக்கும். டார்க் மேனேஜ்மென்ட் என்று பெயர். ட்யூனிங் செய்கிறவர்கள் சிலர் வண்டி 'மந்தமாக' இருக்கிறது என்று முதலில் அணைப்பது இதைத்தான். ஒரு வரி மென்பொருள் மாற்றம், செலவில்லை, சீறிப் பாயும். 21 கிலோஜூலும் முழுசாகக் கிளட்சுக்குப் போகும். நண்பனுக்கு நான் கண்டிப்பாகச் சொன்னது: இதைக் குறைக்கலாம், பூஜ்யமாக்காதே.

எனக்கு இதில் ரொம்பவும் சுவாரசியமாகப் பட்டது வேறு ஒரு கதை. டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு லாக்கப் கிளட்ச் உண்டு. நெடுஞ்சாலையில் அது பிடித்துக்கொண்டால் எஞ்சினும் கியர்பாக்ஸும் நேரடியாக இணையும். வழுக்கல் இல்லை, டீசலோ பெட்ரோலோ மிச்சம். ஆரம்பத்தில் இது பட்டென்று பிடிக்கும். அந்த உதறலைக் குறைக்க 1990-களின் நடுவில் பல்ஸ் முறைக்கு மாற்றினார்கள். சாலினாய்டு விநாடிக்கு 32 முறை திறந்து மூடி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும். அந்த அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வால்வு, அலுமினிய வால்வ் பாடியில் துளைத்த ஒரு துளைக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு 32 என்றால் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 1,15,200 நடுக்கம். சில வருடத்தில் துளை தேய்ந்து அகலமாகும், ஆயில் கசியும், லாக்கப் முழுசாகப் பிடிக்காது. கணினி பி1870 என்ற பிழைக் குறியீட்டைப் போட்டுவிட்டு, பாதுகாப்புக்காக அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றும். வண்டிக்காரர் "திடீர்னு கியர் உதைக்குது" என்று வருவார். மென்மைக்காக எழுதிய மென்பொருள் அலுமினியத்தை அரித்து, கடைசியில் மென்மையே போய்விட்டது. புது சாலினாய்டு போட்டால் இது தீராது. துளையைச் சீவிப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய வால்வைப் போட வேண்டும், அல்லது உறை மாதிரி ஒரு ஸ்லீவ் செருக வேண்டும். சோனாக்ஸ், டிரான்ஸ்கோ போன்ற கம்பெனிகள் பிழைப்பதே இப்படிப்பட்ட துளைகளால்தான்.

இதே ரகத்தில் இன்னொன்று: கேஸுக்குள் அழுத்திப் பொருத்திய ஒரு குப்பியும் அதற்குள் ஒரு குண்டும். மூன்றாவது கியரின் ஆயில் பாதையில் இருக்கிறது. இது கசிந்தால் 3-4 கிளட்சுக்கு அழுத்தம் போதாது. எத்தனை விலையுயர்ந்த தட்டு போட்டாலும் மறுபடி கருகும். பிரித்துக் கட்டும்போது இதைச் சோதிக்காத கடையில் வேலையைக் கொடுக்கக் கூடாது.

இனி ஆயில். சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. இப்போதைய டெக்ஸ்ரான்-6 அதைவிட நன்றாகத் தாங்கும் என்றாலும் போக்கு அதேதான். தனியாக ஒரு கூலர், ரேடியேட்டருக்கு அடுத்து. பழைய பெட்டி கருகிப் போயிருந்தால் கூலர் குழாய்களைக் கழுவாமல் புதியதை மாட்டக்கூடாது. பழைய தட்டின் பொடி முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆக நண்பனுக்குக் கொடுத்த வரிசை இது. முதலில் கூலரும் ஒரு வெப்பமானியும். பெட்டியைப் பிரிக்கும்போது வால்வ் பாடித் துளைகள், குப்பி, கடினப்படுத்திய ஷெல். அதன் பிறகு சர்வோவும் மிதமான ஷிஃப்ட் கிட்டும். 3-4 கிளட்சில் தட்டு எண்ணிக்கையைக் கூட்டாமல் நல்ல உராய்வுப் பொருளும் தடித்த ஸ்டீலும், ஏனென்றால் அவன் டிரெய்லர் இழுப்பவன். பட்டியலில் மற்றதெல்லாம் தேவையில்லை.

இந்தப் பெட்டிக்கு ஜிஎம் சொன்ன எல்லை 360 பவுண்டு-அடி, அதாவது 488 நியூட்டன் மீட்டர். பின்னால் 4எல்65-ஈ வந்தபோது பிளானட்டரியில் நான்கு பினியனை ஐந்தாக்கினார்கள். அவன் எஞ்சின் இந்த எல்லையை வெகுவாகத் தாண்டுமானால், பாகம் பாகமாகச் செலவழிப்பதைவிட 4எல்80-ஈக்கு மாறுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. டர்போ 400 வம்சம். கனமானது, முதல் கியர் 2.48 என்பதால் கிளம்புவதில் கொஞ்சம் சோம்பல். ஆனால் அதே 5,500-லிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது 3,280 வரைதான் விழ வேண்டும்.

எது செய்தாலும், செய்வதற்கு முன்பே அளந்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனர் போதும். நான்காவது கியரில் லாக்கப் பிடித்திருக்கும்போது எஞ்சின் வேகம், வெளித்தண்டின் வேகத்தில் 0.70 மடங்கு இருக்க வேண்டும். வெளித்தண்டு 2,600 என்றால் எஞ்சின் 1,820. ஸ்கேனர் 1,900 காட்டினால் 80 ஆர்பிஎம் வழுக்கல். 200 நியூட்டன் மீட்டர் சுமையில் அது ஏறக்குறைய 1.7 கிலோவாட், இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் இடைவிடாமல் ஆயிலுக்குள் எரிகிற மாதிரி. அவன் இன்னும் எண்ணை அனுப்பவில்லை.