மூன்று மணிக்கு இழுக்கும் மனசு

கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் அதே மலைப்பாதையில் இறங்குகிறார்கள். வழியில் கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டில் ஜீப் ஐந்து நிமிடம் நிற்கும். டீக்கடை, அதை ஒட்டி ஒரு தட்டி, தட்டியில் கிளிப் போட்டுத் தொங்கும் லாட்டரிச் சீட்டுகள். சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவருக்கு நாளிலேயே கடினமான நேரம் அந்த ஐந்து நிமிடம்தான். டாக்டரிடம் “இனித் தொடமாட்டேன்” என்று அவர் சொன்னது பொய் இல்லை. டாக்டர் அறையில் தட்டி இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரளத்திலோ 1968 ஜனவரி 26-இல் முதல் குலுக்கல் நடந்ததிலிருந்து அது அரசின் வியாபாரம். அன்று சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இன்று தினமும் குலுக்கல், சீட்டு 50 ரூபாய். பாலக்காட்டுப் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. எங்கே எல்லை தாண்டினாலும் கண்ணில் படுவது சீட்டுக்கடை. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்தது வாளையாரில் விற்ற சீட்டுக்கு. வாங்கியவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர். அந்தச் செய்தி எத்தனை பேரின் வைராக்கியத்தைக் கலைத்ததோ!

எப்போதோ ஒரு சீட்டு வாங்கிப் பையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர் நோயாளி அல்லர். நிறுத்த நினைத்தும் முடியாமல், வீட்டுச் செலவைவிடச் சீட்டு முக்கியமாகி, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்ந்தால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

இழுப்பு எங்கிருந்து வருகிறது? பணத்தாசை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் லாட்டரியில் பழகியவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் வேறு: “ஒரு நம்பர்ல போச்சு.” சிறிய பரிசுகள் கடைசி நாலு நம்பருக்கு விழுகின்றன. நம் சீட்டு 4716, விழுந்தது 4717. கணக்குப்படி இதுவும் தோல்விதான். 9302 வைத்திருந்தவரும் நாமும் ஒன்று. மூளை அப்படிப் பார்ப்பதில்லை. 2009-இல் பிரிட்டனில் லூக் கிளார்க் குழுவினர், சூதாட்ட இயந்திரத்தைப் போன்ற ஒரு விளையாட்டைக் கொடுத்து மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஜெயிக்கும்போது தூண்டப்படும் பகுதிகள் மயிரிழையில் தோற்கும்போதும் தூண்டப்பட்டன. முதல் பரிசு எண் அப்படியே இருந்து, சீரியல் எழுத்து மட்டும் மாறிய சீட்டுக்குக் கேரள லாட்டரியில் ஆறுதல் பரிசே இருக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைக்கு அரசே ரசீது கொடுப்பதுபோல. இதோடு “விட்டதைப் பிடிக்கணும்” என்ற எண்ணமும் சேர்ந்தால் சம்பள நாள் தாங்காது.

சிகிச்சையில் முதலில் கற்றுக்கொடுப்பது, இழுப்பு ஓர் அலை என்பது. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பொதுவாக அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதோடு சண்டை போடாமல், நெஞ்சு படபடப்பதையும் கை பரபரப்பதையும் வெறுமனே கவனித்தபடி கடப்பது ஒரு பயிற்சி. லாட்டரிக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு: திருவனந்தபுரத்தில் குலுக்கல் மூன்று மணிக்கு. அதுவரை தாண்டிவிட்டால் இன்றைய சீட்டு வெறும் தாள். ஆகவே இரண்டரை முதல் மூன்றரை வரை கைக்கு வேலையும் பக்கத்தில் ஆளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைய சீட்டு தட்டியில் தயாராகத் தொங்கும் என்பது வேறு விஷயம். அதற்குத்தான் அடுத்த ஏற்பாடு: ஜீப்பில் உள்பக்க சீட், மெட்டில் இறங்காமல் இருப்பது, வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் டீ.

கையில் காசு இல்லாவிட்டால் இழுப்புக்குப் பாதி பலம் குறையும். கூலி வீட்டில் ஒருவர் கணக்குக்குப் போகட்டும். பையில் ஜீப் காசு மட்டும். ஜிபே இணைந்த கணக்கிலும் கொஞ்சப் பணம் மட்டும் இருக்கட்டும். இது அவமானம் என்று பல ஆண்கள் மறுக்கிறார்கள். சர்க்கரை நோயாளி வீட்டில் லட்டு டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தால் யாரும் அவமானம் என்பதில்லை. போன் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். கேரள முடிவின் கடைசி எண்களை வைத்துத் தமிழ்நாட்டில் திருட்டுத்தனமாக நடக்கும் மூணு நம்பர் லாட்டரிக்கு எல்லை தாண்டவே தேவையில்லை. நம்பர் வரும் வாட்ஸ்அப் குழுவில் இருந்துகொண்டே விடுவது நடவாத காரியம்.

நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளைச் சிலருக்கு மனநல மருத்துவர்கள் தருகிறார்கள். கூடவே குடியோ மனச்சோர்வோ இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்காமல் பலன் இல்லை. கடன் நெருக்கி, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 14416-ஐக் கூப்பிட வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

பெரிய தோல்வியைவிடச் சின்னப் பரிசு ஆபத்தானது. பழைய சீட்டு ஒன்றுக்கு நூறு ரூபாய் விழுந்திருந்தால், கடைக்காரர் காசுக்குப் பதில் இரண்டு சீட்டை நீட்டுவார். பலர் அதையே கேட்டும் வாங்குவார்கள். அப்படி வாங்கிவிட்டால் எல்லாம் போச்சு என்று சிகிச்சையை விட வேண்டாம். அன்று மாலையே வீட்டில் சொல்லி, ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறார்கள்: எந்த ஊர், என்ன கிழமை, என்ன நேரம், யாரோடு இருந்தேன், பையில் எவ்வளவு இருந்தது. நாலைந்து பக்கம் சேர்ந்ததும் பெரும்பாலும் ஒரே ஊர்ப் பெயரும் ஒரே கிழமையும் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கிழமைக்கு வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த வாரத்துச் சிகிச்சை.