முன்மொழிவும் மறுமொழியும்

பூலாம்பாடியில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரி மாணவன் வருவதுண்டு. பச்சைமலைப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கணிப்பொறி அறிவியல் பயில்கின்றான். அண்மையில் ஒரு நாள் அவன், "ஐயா, பைத்தான் மொழியில் 'இஃப்', 'ஃபார்' என்னும் சொற்களோடு தமிழ்ச் சொற்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நான் சொன்னால் கேட்பார்களா?" என்றான்.

நான் கணிப்பொறியை முறையாகப் பயின்றவனல்லன். ஓய்வுபெற்ற பின்னர், பேரனுடைய மேனிலை இரண்டாம் ஆண்டுப் பாடநூலை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கற்றவன். ஆயினும் அவனுடைய வினா கணிப்பொறியைப் பற்றியது மட்டுமன்று என்று எனக்குத் தோன்றியது. பலர் கூடிப் பயன்படுத்தும் ஒரு பொருளை மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, மாற்ற மறுப்போர் எவ்வாறு மறுக்க வேண்டும் என்பதே வினா.

பைத்தானை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1989ஆம் ஆண்டு இறுதியில் உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். அதனைப் பயன்படுத்துவோர் பெருகப் பெருக, "இதைச் சேர்க்கலாகாதா, அதை நீக்கலாகாதா" என்னும் யோசனைகளும் பெருகின. 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு முறை வகுத்தனர். யோசனை சொல்பவர் அதனை முன்மொழிவாக எழுத வேண்டும். இம்முன்மொழிவைச் சுருக்கமாகப் 'பெப்' என்பர். மாற்றம் ஏன் வேண்டும், அது எவ்வாறு இயங்கும், பழைய நிரல்களுக்கு அதனால் இடையூறு உண்டா, வேறு எவ்வழிகளை எண்ணிப் பார்த்து ஏன் தள்ளினோம் என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. மறுக்கப்பட்ட முன்மொழிவையும் கிழித்தெறிவதில்லை. 'மறுக்கப்பட்டது' என்ற குறிப்போடு யாவரும் படிக்கும்படி வைத்திருக்கின்றனர். பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே யோசனையோடு வந்தால், முன்பு நடந்த வாதத்தை அவரே படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

308ஆம் எண் முன்மொழிவின் கதை சுவையானது. ஒரு நிபந்தனை உண்மையானால் ஒரு மதிப்பு, பொய்யானால் மற்றொரு மதிப்பு என ஒரே வரியில் எழுத வழி வேண்டும் என்று கேட்டனர். எவ்வடிவில் எழுதுவது என்பதில் பலருக்குப் பல கருத்து. 2003இல் வாக்கெடுத்துப் பார்த்தனர். எவ்வடிவத்துக்கும் தெளிவான ஆதரவு கிட்டவில்லை. ஆகவே முன்மொழிவு தள்ளப்பட்டது. ஆனால் தேவை தீர்ந்துவிடவில்லை. 'அண்ட்', 'ஆர்' என்னும் சொற்களைச் சேர்த்து மக்கள் கையாண்ட குறுக்குவழி, நடுவிலுள்ள மதிப்பு சுழியமானால் தவறான விடை தந்துவிடும். 2005இல் கைடோ தாமே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். 2006இல் வெளிவந்த 2.5ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. வாக்கெடுப்பு ஒரு மொழியின் இலக்கணத்தைத் தீர்மானிக்க ஏற்ற கருவியன்று என்பது என் எண்ணம்.

இங்கே நம் எழுத்தின் கதையை நினைத்துக்கொண்டேன். தந்தை பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சில எழுத்துகளை மாற்றி அச்சிடத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் மாற்று வடிவம் அரசாணையாக வெளிவந்தது 1978 அக்டோபரில்! இடையே 43 ஆண்டுகள். அப்போது நான் ஆசிரியப் பயிற்சி மாணவன். யானைத் துதிக்கை போல் கொம்பு வளைத்து எழுதிப் பழகிய 'லை'யை விட்டு, புதிய 'லை'யைக் கரும்பலகையில் எழுதக் கைக்குச் சில வாரம் ஆயிற்று. "பழைய நூல்களை இனிப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?" என்று மூத்த ஆசிரியர்கள் கவலைப்பட்டதும் நினைவிருக்கிறது. அக்கவலை அறியாமையன்று. அதே பெரியார் சொன்ன 'ஐ'க்கு 'அய்', 'ஔ'வுக்கு 'அவ்' என்னும் மாற்றம் அவ்வாணையில் இடம்பெறவில்லை. ஒருவர் கூறிய யோசனைகளில் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விடுவது, அவரை அவமதிப்பதாகாது அல்லவா?

பழையதைக் காப்பது பைத்தானிலும் பெரும் சிக்கலே. ஒரு புதிய சொல்லை மொழியின் சொந்தச் சொல்லாக ஒதுக்கிவிட்டால், அதனை ஏற்கெனவே பெயராக வைத்து எழுதியிருக்கும் நிரல்கள் ஓடாமல் நின்றுவிடும். 2018இல் வந்த 3.7ஆம் பதிப்பில் 'அசிங்க்' என்னும் சொல் ஒதுக்கப்பட்டபோது சில நிரல்களுக்கு அவ்விடர் நேர்ந்தது. 2021இல் 'மேட்ச்' என்னும் சொல்லைச் சேர்த்தபோது, இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் நெகிழ்வான சொல்லாக அதனை அமைத்தனர். எதிர்ப்பாளர் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தால் இத்தகைய திருத்தங்கள் எங்கிருந்து வரும்?

ஆனால் குறை கூறுவோரும் அளவறிய வேண்டும். 572ஆம் முன்மொழிவு, ஒரு கோவைக்குள்ளேயே பெயருக்கு மதிப்பளிக்கும் குறியைப் பற்றியது. சிறு குறிதான். அதன்மேல் எழுந்த பூசல் பெரிது. கைடோ 2018 ஜூலையில் அதனை ஏற்றார். ஏற்ற கையோடு, ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடிப் பலருடைய வெறுப்பையும் பெற இனித் தாம் விரும்பவில்லை என்ற கருத்துப்பட எழுதித் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர், ஐவர் அடங்கிய ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து முடிவு செய்யும் ஏற்பாடு வந்தது. 2019இல் அமைந்த முதற்குழுவில் கைடோவும் ஒருவர்.

என் பிழை ஒன்றையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவர், சத்துணவு வேளையைச் சிறுவர்க்கும் பெரியவர்க்கும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று ஒரு முழுத்தாளில் நேர வகுப்போடு எழுதிக் கொடுத்தார். "பார்க்கலாம் அம்மா" என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த ஏற்பாடு இயலாது என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது. பரிமாற ஒரே ஒருவர்தான் இருந்தார். அதனை நான் அவரிடம் கூறவில்லை. அதன்பின் ஆறு ஆண்டுகள் அவர் என்னிடம் எந்த யோசனையும் சொன்னதில்லை. ஓய்வுபெறும் நாளில் இழுப்பறையை ஒழித்தபோது தாள் மஞ்சளித்துக் கிடந்தது.

மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். பைத்தானில் நம் தமிழுக்கு ஓரிடம் முன்பே கிடைத்திருக்கிறது. 2007இல் எழுந்த 3131ஆம் முன்மொழிவின் பயனாக, 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் 'மதிப்பெண்' என்றே ஒரு பெயர் வைத்து நிரல் எழுதலாம். பிற நாட்டார் படிக்க இயலாதே என்ற எதிர்ப்புக்கு இடங்கொடுத்து, பைத்தானோடு வரும் பொது நூலகத்தில் மட்டும் ஆங்கில எழுத்துப் பெயர்களே என்று வரையறுத்தனர். சொற்களும் தமிழாக வேண்டுமெனில் 'எழில்' என்னும் நிரல்மொழி இருக்கிறது; முத்து அண்ணாமலை ஆக்கியது. அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக, தமிழ்த் தொடரின் போக்கிலேயே வரும். அதனைப் பைத்தானைக் கொண்டே இயற்றியிருக்கிறார்!

"அப்படியானால் நான் எழுத வேண்டாமா, ஐயா?" என்றான்.

"எழுது. முதலில், உன் யோசனையை மறுப்பவன் என்ன சொல்வான் என்னும் பகுதியை எழுதிக்கொண்டு வா" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான்கு தாள்கள் வந்தன. மூன்று தாள் முழுவதும் மறுப்பு. ஒரு சப்பானியர் தம் மொழிச் சொற்களையும் கேட்டால் என்ன விடை என்ற இடத்தில் நின்றிருந்தான். சிவப்பு மையை எடுத்து எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.