யாருக்குக் குமட்டும்? பழைய பயணத்தைக் கேளுங்கள்

குவாலா கெடாவிலிருந்து லங்காவி போகும் ஃபெரியில் ஒருவர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நிம்மதியாகச் சாப்பிடுவார். பக்கத்து இருக்கைக்காரர் பிளாஸ்டிக் பையோடு கண்ணை மூடிக் கிடப்பார். அலை இருவருக்கும் ஒன்றுதான். குமட்டுகிறவரை "மனசுல தைரியம் இல்ல" என்று சொல்வது நம் வழக்கம். அது அநியாயம். 1950களின் இறுதியில் தொடங்கிய அமெரிக்க விண்வெளி ஆய்வுகளில், காலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 பேரைக் கொந்தளிக்கும் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். உள்காதின் சமநிலை உறுப்பு செயலிழந்திருந்த அவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, ஆய்வாளர்கள்தான் குமட்டலில் தவித்தார்கள். குமட்டலின் வேர் உள்காதில் இருக்கிறது. கப்பலின் அறை அசையவில்லை என்று கண் சொல்ல, அசைகிறது என்று உள்காது சொல்ல, மூளை தடுமாறுகிறது.

யாருக்கு வரும் என்று முன்பே சொல்ல முடியுமா? முடியும். அதற்கு ஆய்வகத்தைவிட, அவரவர் பழைய பயணக் கணக்கே நல்ல துணை என்பேன். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் கோல்டிங் 1998இல் திருத்தி வெளியிட்ட கேள்வித்தாள், 12 வயதுக்கு முன்னும் கடந்த 10 ஆண்டிலும் கார், பஸ், ரயில், விமானம், படகு, கப்பல், ஊஞ்சல், ராட்டினம் ஒவ்வொன்றிலும் எவ்வளவு குமட்டியது என்று கேட்கிறது. ஏறாத வண்டிகளைக் கழித்துவிட்டே மதிப்பெண் போடுகிறது. அந்தக் கழித்தலில்தான் அதன் நுட்பம். பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி, லயத்துக்கும் நிரைக்குமாக நடந்தே வாழ்ந்த பாட்டி "எனக்கு ஒருநாளும் வாந்தி வந்ததில்ல" என்றால், அவர் உடல் தாங்கும் என்று பொருளில்லை. அவர் உடல் இன்னும் சோதிக்கப்படவில்லை.

மரபணுவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இரட்டையர் ஆய்வுகள் பாதிக்கும் மேல் பரம்பரை என்கின்றன. 2015இல் சுமார் 80,000 பேரின் தரவில் தொடர்புடைய 35 மரபணு இடங்களும் கிடைத்தன. ஆனால் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. பெண்களுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் அதிகம் என்பதும் கூட்டத்தின் சராசரிதான். இதைவிடக் கனமான மறுப்பு சிமுலேட்டரிலிருந்து வருகிறது. அங்கே உடல் சும்மா இருக்கிறது, கண் மட்டும் பறக்கிறது. ஆரம்பகால அமெரிக்க ஹெலிகாப்டர் சிமுலேட்டர் ஆய்வில், மாணவர்களைவிட அனுபவமுள்ள பயிற்றுநர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். அசைவை எதிர்பார்த்துப் பழகிய மூளைக்கு அசையாத இருக்கைதான் முரண். ஆகவே கப்பலில் தப்பியவர் விஆர் கண்ணாடியிலும் தப்புவார் என்று நம்பக்கூடாது. கணக்கில் அதற்குத் தனிப் பத்தி வேண்டும். முதல் முறை சில நிமிடங்களோடு நிறுத்திப் பார்க்கவும் வேண்டும்.

முன்பே தெரிந்துகொள்வதில் நேரடிப் பயன் உண்டு. குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பையின் இயக்கம் மந்தமாகி, விழுங்கிய மாத்திரை சரியாக உடலில் சேராது. கிளம்பும் முன்பே போட வேண்டும். இரண்டு வயதுக்குள் குழந்தைக்கு இந்தத் தொல்லை அரிது. உச்சம் 9, 10 வயதில், அதாவது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வயதில். ஜெராய் மலையின் வளைவுப் பாதைக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆசிரியர் அனுமதிக் கடிதத்தோடு இன்னொரு வரியும் கேட்கட்டும்: எந்த வண்டியில், எத்தனை முறை குமட்டியது? குமட்டும் என்று விடை வந்த பிள்ளைக்கு, சாலை தெரியும் முன்வரிசை இருக்கை.