தேற்றுமொழி: டச்சிலும் தமிழிலும்

முன்னுரை

மொழியைக் கொண்டு மனிதன் செய்தி சொல்கிறான்; வாணிகம் செய்கிறான்; வழக்காடுகிறான். இவற்றோடு, அஞ்சி நிற்கும் ஒருவரின் நெஞ்சைத் தணிக்கவும் மொழியையே நாடுகிறான். "பரவாயில்லை", "ஒன்றும் ஆகாது", "நான் பார்த்துக்கொள்கிறேன்" என நாம் அன்றாடம் சொல்லும் சிறு தொடர்களைத் தேற்றுமொழிகள் எனலாம். ஒரு மொழியைக் கற்றவனுக்கும் அம்மொழியில் வாழ்கின்றவனுக்கும் உள்ள வேறுபாடு இத்தொடர்களில்தான் புலப்படும். தமிழரோடு நெடுங்காலத் தொடர்புடைய டச்சு மொழியின் பேச்சு வழக்கைத் தமிழோடு ஒப்பிட்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொற்கள்

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் பழவேற்காட்டில் வணிக நிலையம் அமைத்தது. 1613இல் அங்கே கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பால்டேயஸ், 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தம் நூலில் தமிழ் எழுத்துக்களையும் இலக்கணக் குறிப்புகளையும் சேர்த்திருந்தார். நாகப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இத்தொடர்பின் எச்சமாகச் சில சொற்கள் நம்மிடம் தங்கியுள்ளன. காசைக் குறிக்கும் "துட்டு", கழிப்பறையைக் குறிக்கும் "கக்கூசு", அலுவலகத்தைக் குறிக்க ஈழத்தமிழர் வழங்கும் "கந்தோர்" ஆகியவை டச்சு மொழியிலிருந்து வந்தவை என்பர். நாணயம், கட்டடம், நிர்வாகம் என்ற அளவில் இவை நின்றுவிட்டன. தேற்றுமொழி ஒன்றேனும் டச்சிலிருந்து தமிழின் பொதுவழக்கில் வந்து தங்கவில்லை.

இதற்கு மாறாக, தமிழர் நாவில் ஓயாது ஒலிக்கும் "பரவாயில்லை" என்னும் தேற்றுமொழியின் முற்பகுதி பாரசீகச் சொல்லாகும். "பர்வா" எனில் கவலை, பொருட்படுத்துதல் என்பது பொருள். உருது வழியே வந்த அச்சொல்லோடு தமிழின் "இல்லை" இணைந்து, சமய வேறுபாடின்றி அனைவருக்கும் உரியதாயிற்று. பண்டத்தின் பெயர் கடைத்தெரு வழியாகவே வந்துவிடும். தேற்றும் சொல்லோ அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வோரிடையேதான் கைமாறும். இவ்விரு வகைச் சொற்களும் உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.

டச்சுத் தேற்றுமொழிகள்

இனி, டச்சுக்காரர் தம் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் தேற்றுமொழிகள் சிலவற்றைக் காண்போம். அம்மொழியின் ககர ஒலி, குர்ஆன் ஓதப் பயின்றோர் அறிந்த தொண்டை உரசொலியை ஒத்தது. ஈண்டு அதனை "ஃக" எனக் குறிப்போம்.

யாரேனும் கால் இடறி மன்னிப்புக் கேட்டால், "ஃகேஃப்த் நீத்" என்பர். சொல்லுக்குச் சொல் "தருவதில்லை" என்பது பொருள். வழக்கில் அது நம் "பரவாயில்லை". பதறுபவரிடம் "ருஸ்தெஃக் மார்" என்பர். "ருஸ்த்" என்பது அமைதி. "மார்" தனித்து நின்றால் "ஆனால்" எனப் பொருள்படும். இங்கோ ஏவலின் கடுமையைக் குறைக்கும் இடைச்சொல்லாக வருகிறது. "இருங்க" என்பதைக் "கொஞ்சம் இருங்க" என நாம் மென்மையாக்குவதை இதனோடு ஒப்பிடலாம்.

தேர்வை எண்ணிக் கலங்கும் மாணவனிடம் "ஹெத் கோம்த் வெல் ஃகூத்" என்பர். "அது நன்றாகவே வந்து சேரும்" என்பது இதன் பொருள். "வெல்" என்னும் இடைச்சொல் மறுப்புக்கு மறுப்பாய் நிற்பது. "நடக்காது" என்னும் ஐயத்துக்கு எதிராக "நடக்கும்தான்" என அழுத்துவது. தொடரின் இறுதியில் "ஹோர்" என்றும் சேர்ப்பர். கேட்டல் என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல், நாஞ்சில் நாட்டார் பேச்சில் வரும் "கேட்டியளா" என்பதைப் போல உரையாடலுக்கு நெருக்கம் தருகிறது. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடும் டச்சில் உண்டு. ஆதலின் முதியவரைத் தேற்றும் தொடரும் நண்பனைத் தேற்றும் தொடரும் அங்கும் வேறுபடும்.

தமிழ் மரபு

ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைத் தொல்காப்பிய இடையியல் கூறும். தேற்றமாவது உறுதி. "தேறு" என்னும் அடியிலிருந்தே தேற்றமும் பிறந்தது, தேற்றுதலும் பிறந்தது. ஒருவரைத் தேற்றுதல் என்பது அவர் நெஞ்சுக்கு உறுதி தருதலே எனத் தமிழ்ச் சொல்லமைப்பே உணர்த்துகிறது. டச்சு மொழியின் "வெல்" செய்யும் பணியும் இத்தேற்ற ஏகாரத்தின் பணியை ஒத்ததே.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இதற்கு அரியதோர் சான்று. போர்க்களம் சென்ற தலைவனை எண்ணித் தலைவி வருந்துகிறாள். நற்சொல் கேட்கச் சென்ற முதுபெண்டிரின் செவியில் ஓர் ஆயர் மகளின் குரல் விழுகிறது. தாயைக் காணாது தவிக்கும் கன்றிடம், தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று அவள் சொல்கிறாள். கன்றுக்குச் சொன்ன அந்த எளிய சொல்லையே நன்னிமித்தமாகக் கொண்டு முதுபெண்டிர் தலைவியைத் தேற்றுகின்றனர்.

இஸ்லாமிய வாழ்வும் தேற்றுதலைக் கடமையாகவே கருதுகிறது. ஸவ்ர் குகையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கலங்கிய தம் தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களைக் கவலை கொள்ள வேண்டாம் எனத் தேற்றிய நிகழ்ச்சியைத் திருமறையின் 9ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. நாளை செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் எனச் சேர்க்குமாறு 18ஆம் அத்தியாயம் பணிக்கிறது. "இன்ஷா அல்லாஹ்" என்பது முயல்வேன் என்ற உறுதியையும் முடிவு இறைவனிடம் என்ற பணிவையும் ஒருங்கே உடையது. தட்டிக் கழிப்பதற்கு அதனைப் பயன்படுத்துவோர் அதன் பொருளைச் சிதைக்கின்றனர்.

இன்றைய தேவை

1980களில் இலங்கையின் இனக்கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி வெளியேறிய தமிழரில் ஒரு பகுதியினர் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தனர். புதிதாகக் குடியேறுவோர் டச்சு மொழி பயில வேண்டும் என்னும் சட்டம் அங்கே 1998இல் நடைமுறைக்கு வந்தது. அயல்மொழியில் விண்ணப்பம் எழுதப் பாடநூல் போதும். ஆனால் அண்டை வீட்டு மூதாட்டி நோயுற்றால் என்ன சொல்வது? அப்போது தேவைப்படுவது "கோம்த் வெல் ஃகூத்" என்னும் சிறு தொடரே. அதை அறியாதவரை, அவர் எவ்வளவு அன்புடையவராயினும், அவ்வூரார் பாராமுகமானவர் என்றே எண்ணிவிடக்கூடும்.

இது கடல் கடந்தோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. நூம்பலையும் வேலப்பன்சாவடியையும் ஒட்டியுள்ள மருத்துவமனைகளுக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து எத்தனையோ பேர் வருகின்றனர். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறைக்குச் செல்வதென்று தெரியாது நிற்கும் ஒரு தாய்க்கு, "பயப்படாதீங்கம்மா, நான் கூட வர்றேன்" என்னும் சொல்லே முதல் மருந்தாகும். பட்டம் பெற்று மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியப்போகும் நம் மாணவர்க்குக் கலைச்சொல் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு தேற்றுமொழியும் வேண்டும்.

முடிவுரை

தேற்றுமொழி பொய்யுரை அன்று. தன்னால் இயலாததை இயலும் என்பதும், நோயின் கடுமையை மறைப்பதும் தேற்றுதல் ஆகா. "ஒன்றும் ஆகாது" என்று சொல்ல இயலாத வேளையிலும் "நான் உடன் இருக்கிறேன்" என்று சொல்ல இயலும். சொன்னபின் உடன் இருத்தல் வேண்டும். இருநூறு ஆண்டுகள் தமிழ்க் கடற்கரையில் வாணிகம் செய்தவர்களிடமிருந்து நாம் காசுக்குப் பெயர் பெற்றோம். ஆறுதலுக்குரிய சொல்லை நம்மோடு கூடி வாழ்ந்தோரிடமிருந்தே பெற்றோம். அவ்வாறு பெற்ற சொல்லை, அது தேவைப்படும் இடத்தில் தயங்காது வழங்குதல் மொழி கற்றோர் கடனாகும்.