தாயின் எடையும் குறைமாசக் குழந்தையும்

"அம்மா குண்டா இருந்தா குழந்தை குறைமாசத்துல பிறக்கும்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: ஆயிரத்துல எத்தனை பேருக்கு?

ஸ்வீடனில் இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. 1992 முதல் 2010 வரை நடந்த சுமார் 16 லட்சம் பிரசவங்களை (இரட்டைக் குழந்தைகள் நீங்கலாக) அலசிய ஆய்வு 2013-இல் 'ஜாமா' இதழில் வந்தது. 28 வாரம் ஆகும் முன்பே பிறந்த குழந்தைகள், பிஎம்ஐ சரியாக இருந்த தாய்மார்களிடம் 0.17 சதவீதம், பிஎம்ஐ 40-ஐத் தொட்டவர்களிடமும் தாண்டியவர்களிடமும் 0.52 சதவீதம்.

'மூன்று மடங்கு!' என்று தலைப்பு போட்டால் வயிறு கலங்கும். ஆயிரத்தில் இரண்டு என்பது ஐந்தாகிறது என்றால் அவ்வளவு பயம் வராது. ரெண்டும் ஒரே கணக்குதாங்க. அதற்காக அந்தக் கூடுதல் மூன்று பேரை ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த வாரத்தில் நுரையீரலே முழுசா தயாராகியிருக்காது.

அதிக எடையோடு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து வரும். அதனால் டாக்டர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க நேர்வது ஒரு காரணம். ஆனால் தானாக வலி வந்து பிறந்தவர்களிலும் இதே ஏற்றம் தெரிந்தது.

2017-இல் அதே இதழில் இன்னொரு ஸ்வீடன் ஆய்வு, 14 லட்சம் குழந்தைகளை வைத்து. தாயின் எடை கூடக்கூடக் குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பும் கூடியது. ஆனால் நிறைமாசக் குழந்தைகளிடம் மட்டும்! குறைமாசக்காரர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

அப்போ அவர்களுக்கு எடை பொருட்டில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒல்லியான தாயின் குழந்தையும் சும்மா முந்திப் பிறப்பதில்லை. நோய்த்தொற்றோ நஞ்சுக்கொடிக் கோளாறோ பின்னால் இருக்கலாம். அந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் எடையின் பங்கு மறைந்துபோக வாய்ப்புண்டு.