கண் ஆபரேஷன் செய்வது கத்துக்குட்டி டாக்டரா? கத்தி பிடிக்கப் பழகுவது எப்படி தெரியுமா?

சேலம்:

ஜி.எச்.சில் கண்புரை ஆபரேஷனுக்கு தேதி குறித்துக் கொடுத்தால் போதும். வீட்டில் பஞ்சாயத்து தொடங்கி விடும். ‘‘அங்க படிக்கிற பசங்கதான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம். நம்ம அம்மாயி கண்ணுலதானா அவங்க பழகணும்?’’ எடப்பாடி, ராசிபுரம், பள்ளிபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான்.

பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த கண் முகாம் மூலம் ஆபரேஷன் செய்து கொண்ட 66 பேருக்கு பார்வை பறிபோனது. 2016-ல் நம்ம மேட்டூர் அரசு ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு பார்வை பாதித்து, பெரிய பரபரப்பானது. இந்த இரண்டுக்கும் காரணம் கிருமித்தொற்று. அது தனிக்கதை, அதற்கு பின்னால் வருவோம். கத்துக்குட்டி கை விஷயம் வேறு.

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெள்ளை பூத்துப் போவது. தறி ஓட்டுகிறவருக்கு அறுந்த இழை தெரியாது. லாரி டிரைவருக்கு ராத்திரி எதிரே வரும் லைட் சிதறிக் கூசும். மாத்திரை, சொட்டு மருந்துக்கு இது கரையாது. கெட்டுப்போன லென்சை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் லென்ஸ் வைப்பதுதான் வழி.

பார்க்க 10 நிமிஷ வேலை. ஆனால் அந்த லென்ஸ் ஒரு பைக்குள் இருக்கிறது. தலைமுடியை விட பல மடங்கு மெலிசான பை. உள்ளே இருப்பதை எடுக்கும்போது பையின் பின்பக்கம் கிழியக்கூடாது. கிழிந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி முன்னால் வந்து விடும். ஆபரேஷன் இழுக்கும், பார்வையும் சரியாக வராமல் போகலாம். பழகாத கை தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்படியானால் எங்கேதான் பழகுவது?

லாரி தொழிலில் கிளீனராக ஏறியவரை முதல் நாளே லோடு வண்டியோடு தொப்பூர் கணவாயில் இறக்கி விட மாட்டார்கள். காலி மைதானத்தில் ஓட்டி, பக்கத்தில் மூத்த டிரைவர் உட்கார்ந்து, அப்புறம்தான் கணவாய். ஆபரேஷனுக்கும் அதே கணக்குதான். வெட்டிப் பழக பூசணிக்காய், வெள்ளரிக்காய் என்று அந்தக் காலத்திலேயே சுஸ்ருதர் நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று கண் டாக்டர்களுக்கு மைதானம் ஆட்டுக் கண்! வெட்டிய ஆட்டின் கண்ணை வாங்கி வந்து, மைக்ரோஸ்கோப்புக்கு கீழே பொருத்தி, கீறிப் பழகுகிறார்கள். தலைக்கறி கடைக்குப் போக வேண்டியது இப்படியும் உதவுகிறது.

இப்போது கம்ப்யூட்டர் மெஷினும் வந்து விட்டது. வீடியோ கேம் மாதிரி திரையில் கண் தெரியும். கையில் பிடிக்கும் கருவி நிஜக் கண்ணைத் தொடுவது போலவே இருக்கும். பை கிழிந்தால் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கலாம், யாருக்கும் கண் போகாது.

இது வெறும் பந்தாவா, பலன் உண்டா? ஆப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்து விட்டார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளில் படிக்கும் 50 கண் டாக்டர்களை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கேப்டவுனில் 5 நாள் செயற்கைக் கண்ணில் தீவிர பயிற்சி. மறு பாதி வழக்கமான படிப்பு. அடுத்த 1 வருஷம் கவனித்ததில், வழக்கமான படிப்பு படித்தவர்களிடம் 100 ஆபரேஷனில் சுமார் 27-ல் பை கிழிந்தது. பயிற்சி எடுத்தவர்களிடம் சுமார் 8-ல் மட்டும்! 2021-ல் இந்த முடிவு வெளியானது. 5 நாள் பயிற்சி, அவ்வளவுதான். இதைக்கூட செய்யாமல் ஒரு டாக்டரை நோயாளி கண்ணில் கை வைக்க விடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கத்தான் தோன்றும்.

ஏழை நாடுகளில் இதுதான் பெரிய தலைவலி. உலகத்தில் சுமார் 500 கோடி பேருக்கு தேவையான நேரத்தில், கட்டுப்படியாகும் செலவில் பாதுகாப்பான ஆபரேஷன் கிடைப்பதில்லை என்று 2015-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு சொன்னது. ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் போதாது. கை பழகிய டாக்டர் வேண்டும்.

இதற்கு உலகமே திரும்பிப் பார்க்கும் ஊர் மதுரை. அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப் போனவர் அவர். அந்தக் கையோடு கத்தி பிடிக்கப் பழகி, 1 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார். இன்று ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு டாக்டர்கள் அங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். பிளஸ்-2 முடித்த கிராமத்துப் பெண்களுக்கும் 2 வருஷம் பயிற்சி கொடுத்து, பரிசோதனையில் இருந்து தியேட்டர் உதவி வரை அவர்களை வைத்தே நடத்துகிறார்கள். சேலத்திலும் அதற்கு கிளை உண்டு.

அரசு பக்கம் என்ன நிலவரம்? எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் 3 வருஷம் எம்.எஸ். படிக்கும் டாக்டரைத்தான் நம்ம ஆட்கள் ‘படிக்கிற பையன்’ என்கிறார்கள். அவரும் முழு டாக்டர்தான். 2021-ல் சேர்ந்தவர்களில் இருந்து, படிப்பின் நடுவே 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதும் கட்டாயம். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி முன்பே இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கல்லூரி வருவது நல்லதுதான். ஆனால் கை பழக நேரமும், சொல்லிக் கொடுக்க சீனியரும் எல்லா கல்லூரியிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கட்டிடத்துக்கு ரிப்பன் வெட்டும்போது இதை யாரும் கேட்பதில்லை.

சரியாக நடக்கும் தியேட்டரில் புது டாக்டரிடம் முழு ஆபரேஷனையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். முதலில் சின்னச் சின்ன கட்டம் மட்டும். அவர் பார்ப்பதையே சீனியரும் மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு குழாயில் பார்த்துக் கொண்டிருப்பார். தடுமாறினால் கருவி உடனே சீனியர் கைக்குப் போய் விடும்.

இனி கிருமித்தொற்று விஷயம். இதில் டாக்டர் கை மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. கருவியை வேகவைப்பவர், மருந்து எடுத்துக் கொடுப்பவர் எல்லாருக்கும் பயிற்சி வேண்டும். முன்பு பள்ளிக்கூடம், கல்யாண மண்டபத்தில் கூட கண் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது முகாமில் பரிசோதனை மட்டும்தான், ஆபரேஷனுக்கு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் வாய்விட்டு சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. ஆள் யார், எந்தப் பக்கம், கருவி சுத்தமா என்கிற மாதிரி சாதாரண கேள்விகள்தான். டெல்லி உள்பட 8 நகரங்களில் எல்லா வகை ஆபரேஷன்களிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில், சாவு 1000-க்கு 15-ல் இருந்து 8 ஆகக் குறைந்தது.

கையெழுத்துப் போடும் முன் நீங்களும் கேட்கலாம். ‘‘ஆபரேஷன் யார் பண்றாங்க? சீனியர் டாக்டர் கூட இருப்பாரா? எந்தக் கண்ணு?’’ கேட்பது நோயாளியின் உரிமை. ஆபரேஷன் முடிந்த பிறகு வலி, சிவப்பு, சீழ், பார்வை மங்கல் எது வந்தாலும் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று விடாமல் அன்றைக்கே அதே ஆஸ்பத்திரிக்கு ஓடி விட வேண்டும்.